பல் நகரும் விதமும் வலியின் காலக்கணக்கும்

கோணலாக முளைத்த பற்களை வரிசைப்படுத்துவதற்காகக் கிளிப் போட்டுக்கொண்ட சிறுவர் சிறுமியரை இன்று ஏறக்குறைய எல்லாத் தெருவிலும் காண்கிறோம். அவர்களுடைய அனுபவத்தைச் சற்றே கூர்ந்து கேட்பவர்களுக்கு அதில் ஒரு விசித்திரம் புலப்படாமற் போகாது. பல் வைத்தியர் ஒவ்வொரு பல்லின் முகத்திலும் பிராக்கெட் எனப்படும் சிறிய உலோகத் துண்டை ஒட்டி, அவற்றின் ஊடே மெல்லிய கம்பியைக் கோத்து முடிக்கும் வரையில், இறுக்கிப் பிடித்தாற்போன்ற ஓர் உணர்ச்சியைத் தவிர வலி என்று சொல்லத்தக்கது அநேகமாக எதுவும் இருப்பதில்லை. ‘இதற்குத்தானா இவ்வளவு பயந்தோம்!’ என்று ஆறுதல் அடைந்து வீடு திரும்பும் குழந்தைக்கு, பொழுது சாயும் வேளையில் பற்களின் அடியில் மெல்ல ஒரு கடுப்புத் தொடங்குகிறது. இரவில் அது வளர்கிறது. மறுநாள் காலையில் இட்லியைக்கூடக் கடிக்க இயலாத அவஸ்தையாக உச்சம் பெறுகிறது. அதன்பின் மூன்றாம் நாள், நான்காம் நாள் என்று படிப்படியாகத் தணிந்து, ஒரு வாரத்துக்குள் பெரும்பாலும் மறைந்தும் விடுகிறது.

கம்பியோ இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதே பற்களை அதே திசையில் இழுத்துக்கொண்டும் இருக்கிறது. வலிக்குக் காரணம் அந்த இழுப்பு மட்டுமே என்றால், இழுப்புத் தொடங்கிய கணத்திலேயே வலியும் தொடங்கியிருக்க வேண்டும். இழுப்பு உள்ள வரையில் நீடித்திருக்கவும் வேண்டும். ஏன் அது சில மணி நேரம் தாமதித்து வருகிறது? ஏன் மறுநாள் உச்சத்தை அடைகிறது? காரணம் அகலாதிருக்கும்போதே ஏன் தானாக விடைபெறுகிறது? இந்த மூன்று கேள்விகளுக்கும் விடை தெரிந்துகொள்வது வெறும் அறிவுத் தாகத்தைத் தணிப்பதற்கு மட்டுமன்று. அந்த வாரத்தைக் கடக்க வேண்டிய குழந்தைக்கும், அதன் அருகே செய்வதறியாது அமர்ந்திருக்கும் தாய் தந்தையருக்கும் அது பிரத்தியட்சமாகப் பயன்படக்கூடிய விஷயம் என்பதைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பல் என்பது சுவரில் அறைந்த ஆணியைப்போலத் தாடை எலும்பில் இறுகப் பதிந்திருக்கிறது என்றே நம்மில் பலர் நினைக்கிறோம். உண்மை அவ்வாறில்லை. பல்லின் வேருக்கும், அந்த வேரைத் தாங்கும் குழியின் எலும்புச் சுவருக்கும் இடையே, சராசரியாக ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு அளவே அகலமுள்ள ஒரு சந்து இருக்கிறது. அச்சந்து முழுவதையும் மெல்லிய நார்களாலான ஒரு திசு நிரப்பிக்கொண்டிருக்கிறது. ஒரு முனை வேரிலும் மறுமுனை எலும்பிலும் பற்றியுள்ள அந்த எண்ணற்ற நார்களே பல்லைக் குழிக்குள் தொங்கவிட்டுத் தாங்குகின்றன. இதனைப் பல்சூழ் நார்ப்படலம் என்று வழங்கலாம். நார்கள் மட்டுமல்லாமல், ரத்தக் குழாய்களும், நரம்பு நுனிகளும், பலவகை உயிரணுக்களும், இவற்றுக்கிடையே நிறைந்த திரவமும் அச்சிறு இடத்துக்குள் அடங்கியுள்ளன. சோற்றில் கிடக்கும் ஒரு சிறு மணலைக் கடித்த மாத்திரத்தில் நாம் திடுக்கிட்டு வாயைத் திறந்து விடுகிறோமே, அந்த நுண்ணுணர்ச்சியைத் தருவன பெரும்பாலும் இந்தப் படலத்திலுள்ள நரம்பு நுனிகள்தாம்.

பல்லை நகர்த்துவதில் இந்தப் படலத்துக்கு உள்ள பங்கு எத்தகையது என்பதை, அது இல்லாத இடங்களைப் பார்த்து அறியலாம். அடிபட்ட காரணத்தாலோ வேறு ஏதுக்களாலோ சில பற்களில் இப்படலம் அழிந்து, வேரும் எலும்பும் நேரடியாக ஒன்றோடொன்று கூடிவிடுவது உண்டு. அத்தகைய பல்லை எத்தனை மாதங்கள் கம்பியால் இழுத்தாலும் அது அசைவதில்லை. ஸ்வீடன் தேசத்து பிரேனிமார்க் என்பவர் 1965-இல் முதன்முதலாக ஒரு நோயாளியின் தாடையில் பொருத்திய டைட்டானியம் உலோக வேர்களின் கதையும் இதுவே. எலும்பு அவற்றை நேரடியாகத் தழுவிக்கொள்வதால், அவற்றுக்கு நார்ப்படலம் இல்லை. ஆகவே நகர்ச்சியும் இல்லை. கம்பியின் பலம் மட்டுமே பல்லை நகர்த்துவதாக இருந்தால் இவையும் நகர்ந்திருக்க வேண்டும். ஆகையால் பல்லை நகர்த்துவது கம்பி அன்று, கம்பி தரும் செய்தியைக் கேட்டு அந்தப் படலத்திலுள்ள உயிரணுக்கள் செய்யும் வேலையே என்ற முடிவுக்கு நாம் வர வேண்டியிருக்கிறது.

அந்த வேலை எவ்வாறு நடைபெறுகிறது என்பதை விளங்கிக்கொள்ள, நம் கிராமங்களில் முன்பு நடந்துவந்த குடிமராமத்தை நினைவுபடுத்திக்கொள்ளலாம். வயல்களுக்கு நடுவே ஓடும் ஒரு வாய்க்காலைச் சற்றுக் கிழக்கே ஒதுக்கி அமைக்க வேண்டும் என்று ஊரார் தீர்மானிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தண்டோரா போட்டதும் ஆட்கள் மண்வெட்டியும் கூடையுமாக வந்து சேர்கிறார்கள். ஒரு கூட்டத்தார் கிழக்குக் கரையை வெட்டி ஒதுக்கிக்கொண்டே போக, மற்றொரு கூட்டத்தார் மேற்குக் கரையில் மண்ணைக் கொட்டி மெத்திக்கொண்டே பின்தொடர்கிறார்கள். வாய்க்காலின் அகலம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை, நீரோட்டமும் தடைபடவில்லை, எனினும் சில நாட்கள் கழித்துப் பார்த்தால் வாய்க்கால் முழுவதுமே கிழக்கே நகர்ந்திருக்கிறது. பல்லின் குழி நகர்வதும் இதே முறையில்தான். கம்பி பல்லை ஒரு பக்கமாகச் சாய்க்கும்போது, அப்பக்கத்து நார்ப்படலம் நசுங்குகிறது. எதிர்ப்பக்கத்து நார்கள் விறைத்து நீள்கின்றன. நசுங்கிய பக்கத்தில் எலும்பைக் கரைத்து அரிக்கும் உயிரணுக்கள் கூடி வழி விடுகின்றன. நீண்ட பக்கத்தில் புது எலும்பைப் படியச் செய்யும் உயிரணுக்கள் கூடி, விட்டுவந்த இடத்தை நிரப்புகின்றன. முன்னதை எலும்பு அரிப்பணு என்றும், பின்னதை எலும்பு ஆக்கணு என்றும் சொல்லலாம். பல்லும், அதைச் சூழ்ந்த குழியும், இடையிலுள்ள படலமும் ஆக மூன்றுமே சேர்ந்து, மாதத்துக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் என்ற நிதானத்தில் எலும்பினூடே பிரயாணம் செய்கின்றன.

இதை யார் கண்டு சொன்னார்கள் என்ற வரலாறும் அறியத்தக்கது. பிரெஞ்சு வைத்தியர் பியேர் ஃபோஷார் 1728-இல் வெளியிட்ட தம்முடைய பெரும் நூலிலேயே, உலோகப் பட்டையோடு பற்களை நூலால் கட்டி வரிசைப்படுத்தும் முறையை விவரித்திருக்கிறார். பற்கள் நகர்கின்றன என்பது அன்றே தெரிந்திருந்தது. எலும்பு வளைந்து கொடுப்பதனால் நகர்கின்றனவா, வேறு விதமாக நகர்கின்றனவா என்பது தெரியவில்லை. 1904-இல் ஸ்வீடனைச் சேர்ந்த கார்ல் சாண்ட்ஸ்டெட், நாய்களின் முன்பற்களைச் சில வாரங்கள் கம்பியால் நகர்த்தி, பின்பு அந்தத் தாடைகளை மிக மெல்லிய சீவல்களாக அறுத்துச் சாயமேற்றி உருப்பெருக்கியின் கீழ் வைத்து நோக்கினார். அழுத்தம் பட்ட பக்கத்தில் எலும்பு அரிக்கப்பட்டிருப்பதும், இழுபட்ட பக்கத்தில் புது எலும்பு படிந்திருப்பதும் அவர் கண்களுக்குத் தெளிவாகத் தெரிந்தன. அதோடு, வேறொன்றையும் அவர் கண்டார். அழுத்தம் மிகக் கடுமையாக இருந்த இடங்களில் உயிரணுக்களே காணப்படவில்லை. நார்ப்படலம் உயிரற்று, கண்ணாடிபோலப் பளபளத்துக் கிடந்தது. பலத்தைப் பிரயோகித்தால் பல் வேகமாக நகரும் என்ற சாதாரண எண்ணத்துக்கு விழுந்த முதல் அடி அது.

அந்தக் கண்ணாடித் தன்மையின் பொருளை 1932-இல் ஆஸ்திரிய நாட்டு மார்ட்டின் ஷ்வார்ஸ் விளக்கினார். நார்ப்படலத்தின் நுண்ணிய ரத்தக் குழாய்களில் ஓடும் ரத்தத்துக்கு ஓர் அழுத்தம் உண்டு. வெளியிலிருந்து வரும் அழுத்தம் அதனை மிஞ்சினால் குழாய்கள் அடைபட்டு, ரத்தம் நின்று, அவ்விடத்துத் திசு மாண்டுவிடும். ஆகையால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 20 முதல் 26 கிராம் வரையிலான மெல்லிய அழுத்தமே உத்தமமானது என்று அவர் வரையறுத்தார். அதற்குப் பின் வந்த ஆராய்ச்சிகள் அந்த எண்களைப் பற்றி எவ்வளவோ விவாதித்திருந்தாலும், மூலக் கருத்தை மறுக்கவில்லை. குடிமராமத்துக்கு வரும் ஆட்கள் ரத்தம் ஓடும் பாதை வழியாகத்தான் வந்து சேர முடியும். பாதையையே அடைத்துவிட்டு வேலை நடக்கவில்லையே என்று அங்கலாய்ப்பதில் பயனில்லை. அப்படி அடைபட்ட இடத்தில், எலும்பு அரிப்பணுக்கள் அக்கம்பக்கத்து எலும்பின் உட்புறத்திலிருந்து சுற்றி வந்து அடியிலிருந்து குடைந்தாக வேண்டும். அதற்கு ஒரு வாரமோ இரண்டு வாரமோ செல்லும். அதுவரையில் பல் அசையாது நிற்கும். வலி மட்டும் மிஞ்சும். நீடித்த பெரும் பலம் பல்லின் வேரையே சிறிது சிறிதாகக் கரைத்துவிடவும் கூடும். ‘இன்னும் கொஞ்சம் இறுக்குங்கள், டாக்டர், சீக்கிரம் முடியட்டும்’ என்று கேட்கும் பெற்றோர்கள் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டிய உண்மை இது: அதிக வலி என்பது அதிக முன்னேற்றத்துக்கு அடையாளம் அன்று.

இனி வலியின் காலக்கணக்குக்கு வருவோம். கம்பியின் அழுத்தம் பட்ட சில விநாடிகளில் படலத்திலுள்ள திரவம் ஒதுங்குகிறது. சில நிமிஷங்களில் ரத்தவோட்டம் மாறுகிறது. அந்த மாறுதலை உணர்ந்த உயிரணுக்கள் சில ரசாயனப் பொருள்களைச் சுரக்கத் தொடங்குகின்றன. அவற்றுள் பிரதானமானது புராஸ்டகிளாண்டின் என்னும் பொருள். நம் உவமையில் தண்டோராவின் ஸ்தானம் இதற்கே உரியது. எலும்பு அரிப்பணுக்களைத் தோற்றுவித்துத் திரட்டுவதில் இதற்கு முக்கியமான பங்குண்டு என்பதை ஜப்பானிய ஆராய்ச்சியாளர் யமாசாகியும் அவருடைய சகாக்களும் 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில் எலிகளைக் கொண்டு நிரூபித்தார்கள். ஈறில் புராஸ்டகிளாண்டினை ஊசி மூலம் செலுத்தியபோது அரிப்பணுக்கள் பெருகின. அப்பொருள் சுரக்காமல் தடுக்கும் மருந்தைக் கொடுத்தபோது அவை குறைந்தன.

இதே பொருளுக்கு மற்றொரு குணமும் உண்டு. பிரேசில் நாட்டு விஞ்ஞானியான செர்ஜியோ ஃபெரெய்ரா 1972-இல் எடுத்துக்காட்டியபடி, புராஸ்டகிளாண்டின் நேரடியாகப் பெருவலியை உண்டாக்குவதில்லை. நரம்பு நுனிகளைக் கூர்மைப்படுத்தி, சாதாரணமாக வலிக்காத ஸ்பரிசத்தையும் வலியாக உணரும்படி செய்துவிடுகிறது. கிளிப் போட்ட மறுநாள் சும்மா இருக்கும்போது மந்தமாக இருக்கும் கடுப்பு, பல்லோடு பல் லேசாக மோதிய மாத்திரத்தில் சுரீரென்று எழுவதற்கு இதுவே காரணம். பல் பழுதுபட்டுவிடவில்லை, அதைச் சுற்றியுள்ள நரம்புகளின் வாசல்தான் தாழ்ந்திருக்கிறது.

தாமதத்தின் ரகசியமும் இதிலேயே அடங்கியிருக்கிறது. ரசாயனப் பொருள்கள் சுரந்து, நரம்புகளைக் கூர்மையாக்கும் அளவுக்குச் சேர்வதற்குச் சில மணி நேரம் தேவைப்படுகிறது. மனிதர்களிடம் இதைச் சோதிக்க ஓர் எளிய உபாயம் இருக்கிறது. ஈறுக்கும் பல்லுக்கும் இடையேயுள்ள நுண்ணிய பள்ளத்தில் எப்போதும் சிறிதளவு திரவம் கசிந்துகொண்டிருக்கும். ஒரு மெல்லிய காகிதக் கீற்றை அதில் செருகி எடுத்தால், கீற்று உறிஞ்சிய திரவத்தில் என்னென்ன பொருள்கள் எவ்வளவு இருக்கின்றன என்று அளந்துவிடலாம். 1994-இல் வெளியான ஓர் ஆய்வில், நகர்த்தப்படும் பற்களின் அருகே எடுத்த திரவத்தில் இத்தகைய பொருள்கள் முதல் ஓரிரு நாட்களில் உயர்ந்து, ஒரு வாரத்துக்குள் பழைய நிலைக்குத் திரும்பியது கண்டறியப்பட்டது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, 1989-இல், நோயாளிகளிடமே அவ்வப்போது கேட்டறிந்த மற்றோர் ஆய்வு, நான்கு மணி நேரத்தில் உபாதை தலைகாட்டி, 24 மணி நேரத்தில் மிகுந்து, ஏழு நாட்களில் ஏறக்குறைய ஒழிந்துவிடுவதைப் பதிவு செய்திருந்தது. குழந்தையின் வாய்மொழியும் காகிதக் கீற்றின் கணக்கும் இவ்வாறு ஒத்துப்போவது, வலியின் காரணத்தைப் பற்றி நாம் கொண்டிருக்கும் கருத்துக்கு வலுவான சாட்சியமாகும். ஆட்கள் வந்து சேர்ந்து வேலை நடக்கத் தொடங்கியபின் தண்டோராவின் ஓசை அடங்குகிறது. வேலை மட்டும் அமைதியாகத் தொடர்கிறது. கம்பி இருக்கும்போதே வலி விடைபெறுவது இதனால்தான்.

காரணம் தெரிந்துவிட்டபடியால், நிவாரண உபாயங்களை இனி ஒவ்வொன்றாக ஆராய்ந்து பார்க்கலாம். முதலில் மருந்து. ஆஸ்பிரின் முதலிய மருந்துகள் புராஸ்டகிளாண்டின் உற்பத்தியைத் தடுப்பதனாலேயே வலியைத் தணிக்கின்றன என்பதை 1971-இல் கண்டறிந்தவர் இங்கிலாந்தின் ஜான் வேன். 1982-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்களுள் அவரும் ஒருவர். ஐபுபுரோஃபென் என்ற மருந்தும் இந்த வகையைச் சேர்ந்ததே. தண்டோராவையே நிறுத்திவிட்டால் வேலையும் நின்றுபோகாதா என்ற கேள்வி இங்கே எழுவது நியாயமானது. பிராணிகளிடம் நடத்திய சோதனைகளில், இத்தகைய மருந்துகளைத் தொடர்ந்து கொடுத்தபோது பல்லின் நகர்ச்சி மந்தப்பட்டதுண்டு. ஆனால் ஓரிரு நாட்கள் மட்டும் உட்கொள்வதனால் சிகிச்சைக்குக் குறிப்பிடத்தக்க பங்கம் நேருவதில்லை என்பதே வைத்தியர்களின் பொதுவான அபிப்பிராயம். பாரசிட்டமால் பெரும்பாலும் மூளையிலும் தண்டுவடத்திலும் செயற்படுவதாகக் கருதப்படுவதால், பலரும் அதையே முதலில் சிபாரிசு செய்கிறார்கள். மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2017-இல் 32 சோதனைகளை ஆராய்ந்தபோது, இவ்வித மருந்துகள் வலியைக் குறைக்கின்றன என்பதும், பாரசிட்டமாலுக்கும் ஐபுபுரோஃபென் வகை மருந்துகளுக்கும் இடையே பலனில் தெளிவான வித்தியாசம் காணப்படவில்லை என்பதும் தெரியவந்தன. எனவே குழந்தையின் வயதுக்கும் எடைக்கும் ஏற்ற அளவை வைத்தியரிடமே கேட்டறிந்து, வலி உச்சமடையும் முதல் இரண்டு நாட்களுக்குள் மட்டும் அளவோடு உபயோகிப்பது விவேகமாகும். ஆஸ்பிரினைக் குழந்தைகளுக்குக் கொடுக்கலாகாது. நம் ஊர்களில் டெங்குக் காய்ச்சல் அடிக்கடி தலைதூக்குவதால், காய்ச்சலும் கூடியிருக்குமானால் ஐபுபுரோஃபெனையும் தவிர்க்க வேண்டும். அவை ரத்தக்கசிவை மிகுவிக்கக் கூடியவை.

இரண்டாவது உபாயம் கேட்பதற்கு விபரீதமாகத் தோன்றும்: அது மெல்லுதல். வலிக்கும் பல்லை அசைக்காமல் வைத்திருப்பதே நல்லது என்றுதான் எவரும் நினைப்பார்கள். ஆயினும் மிருதுவான பொருளை மெதுவாக மெல்லும்போது, நசுங்கிக் கிடக்கும் படலம் விட்டுவிட்டு விடுபட்டு, தேங்கிய ரத்தம் நகர்ந்து, வலியைத் தூண்டும் பொருள்கள் கழுவப்பட்டுப் போகின்றன என்று வைத்தியர்கள் கருதுகிறார்கள். இங்கிலாந்தில் 11 முதல் 17 வயதுக்குட்பட்ட 1000 பேரைக் கொண்டு நடத்தப்பட்டு 2016-இல் வெளியான சோதனையில், சர்க்கரையில்லாத சூயிங்கம் மெல்லும்படி கூறப்பட்டவர்கள் ஐபுபுரோஃபெனைக் குறைவாகவே நாடினார்கள். கிளிப் உடைந்துபோகுமே என்ற பழைய பயத்துக்கும் அச்சோதனையில் ஆதாரம் கிடைக்கவில்லை. இருப்பினும், தமக்குப் பொருத்தப்பட்ட கிளிப்பின் வகையை வைத்தியரிடம் கேட்டுக்கொண்டே இதில் இறங்க வேண்டும்.

மெல்லலாம் என்பதற்காக எதையும் கடிக்கலாம் என்று பொருளன்று. முறுக்கு, சீடை, கடலை மிட்டாய், கரும்பு, ஐஸ்கட்டி ஆகியவற்றைக் கடித்தால் பிராக்கெட் பெயர்ந்துவிடும். அப்படிப் பெயர்ந்தால் சிகிச்சைக் காலம் நீண்டு, வலி வாரங்களின் எண்ணிக்கையும் பெருகும். முதல் மூன்று நாட்களுக்குக் குழைய வடித்த ரசம் சாதம், தயிர் சாதம், சாம்பாரில் ஊறிய இட்லி, பாலில் நனைத்த இடியாப்பம், கேழ்வரகுக் கூழ் ஆகியவை போதும். வலி தாளாமல் குழந்தை பட்டினி கிடக்கும்படி விட்டுவிடுவதைவிட, வேளைக்குக் கொஞ்சமாகப் பல வேளைகளில் கொடுப்பது மேல்.

மூன்றாவது, குளிர்ந்த நீர். குளிர்ச்சி நரம்புகளை மரக்கச் செய்து ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது என்பது யாவரும் அறிந்ததே. கிளிப் விஷயத்தில் இதற்கு இன்னொரு காரணமும் சில வேளைகளில் சேர்ந்துகொள்கிறது. அமெரிக்கக் கடற்படையின் ஆயுத ஆய்வுக்கூடத்தில் வில்லியம் பியூலர் என்பவர் ஆராய்ந்து வளர்த்த நிக்கல்–டைட்டானியம் கலப்பு உலோகமான நிட்டினாலை, 1970-களின் தொடக்கத்தில் அயோவாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜார்ஜ் ஆண்ட்ரியாசென் பல் சிகிச்சைக்குக் கொண்டுவந்தார். எஃகுக் கம்பி சிறிதளவு வளைந்தாலே பெரும் பலத்தோடு இழுக்கும்; நிட்டினால் கம்பியோ வெகுவாக வளைந்தாலும் மெல்லிய பலத்தோடு வெகுநாள் இழுத்துக்கொண்டிருக்கும். ஷ்வார்ஸ் விரும்பிய மென்மைக்கு இதைவிடப் பொருத்தமான உலோகத்தை எண்ணுவது கடினம். இவ்வகைக் கம்பிகளுள் சில, உடல் வெப்பத்தில் விறைப்பும் குளிரில் நெகிழ்வும் கொள்ளும்படி ஆக்கப்பட்டவை. அத்தகைய கம்பி அணிந்தவர் குளிர்ந்த நீரைச் சற்று நேரம் வாயில் வைத்திருந்தால், கம்பியின் இழுப்பே சிறிது நேரம் தளர்கிறது. வாய் மீண்டும் வெதுவெதுப்பானதும் இழுப்புத் திரும்புகிறது. சிகிச்சைக்கு இதனால் குந்தகம் இல்லை.

இதுவரை சொன்னது பல்லின் அடியிலிருந்து எழும் வலியைப் பற்றியது. கிளிப் அணிந்தவர்களை வாட்டும் மற்றொரு வகை உபாதை, பிராக்கெட்டும் கம்பி முனையும் உதட்டிலும் கன்னத்தின் உட்புறத்திலும் உராய்வதனால் உண்டாகும் புண். இதற்கும் மேற்சொன்னதற்கும் சம்பந்தமில்லை. ஆகவே பரிகாரமும் வேறு. கிளிப்புக்கென்றே விற்கும் மெழுகில் ஒரு பட்டாணி அளவு எடுத்து விரல்களுக்கிடையே உருட்டி, உறுத்தும் பிராக்கெட்டைத் துணியால் துடைத்து ஈரம் போக்கிய பின் அதன்மேல் அழுத்தி ஒட்ட வேண்டும். ஈரத்தின்மேல் மெழுகு நிற்காது. ஒரு தம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்பைக் கரைத்து நாளுக்கு மூன்று நான்கு முறை கொப்பளித்தால் புண்ணுக்கு இதமாக இருக்கும். இரண்டு மூன்று வாரங்களில் வாயின் உட்தோல் பழகித் தடித்துவிடுவதால் இந்த உபாதை பெரும்பாலும் தானே குறைந்துவிடும். வலிக்கிறதே என்று பல் துலக்காமல் விடுவதுதான் இக்காலத்தில் செய்யத்தகாத காரியம். கம்பியின் இடுக்குகளில் உணவு தங்கினால் ஈறு வீங்கி, வலிக்குமேல் வலி சேரும். மென்மையான தூரிகையால், மெதுவாக, ஆனால் தவறாமல் துலக்க வேண்டும்.

இவை அனைத்தையும்விட என் மனத்தைக் கவர்ந்தது அமெரிக்காவில் நடத்தப்பட்டு 2005-இல் வெளியான ஒரு சோதனை. முதன்முறையாகக் கிளிப் போட்டுக்கொண்ட 150 பேரை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினரைத் தொலைபேசியில் அழைத்து, எப்படி இருக்கிறீர்கள் என்று விசாரித்து, வலி இயல்பானதே என்று தேறுதல் சொன்னார்கள். இரண்டாம் பிரிவினரை அழைத்து, ஆய்வில் பங்குபெற்றதற்கு நன்றி மட்டும் தெரிவித்தார்கள். மூன்றாம் பிரிவினரை அழைக்கவே இல்லை. அழைக்கப்பட்ட இரு பிரிவினரும், அழைக்கப்படாதவர்களைவிட வலியும் கவலையும் குறைவாக இருந்ததாகவே தெரிவித்தார்கள். அவர்களுடைய பற்களில் கம்பி வேறு விதமாக இழுக்கவில்லை. ஆயினும் அவர்கள் பட்ட துன்பம் குறைந்தது. வலி என்பது நரம்பு நுனியில் தொடங்கினாலும் மூளையில்தான் முடிவு பெறுகிறது. அங்கே அச்சமும் தனிமையும் அதைப் பெருக்குகின்றன, அறிவும் ஆதரவும் அதைச் சுருக்குகின்றன. இதைக் கற்பனையான வலி என்று எவரும் இகழ்ந்துவிடக் கூடாது. எல்லா வலியும் இவ்விதமே அமைகிறது.

ஆனால் எல்லா வலியையும் பொறுத்துக்கொள்ளச் சொல்வதும் அறிவுடைமை ஆகாது. காலக்கணக்கைத் தெரிந்துகொள்வதன் பெரும்பயனே, அதற்கு மாறானதை உடனே அடையாளம் காண முடிவதுதான். ஒரு வாரம் கடந்தும் தணியாத வலி, நாளுக்கு நாள் ஏறும் வலி, எல்லாப் பற்களும் அடங்கியபின் ஒரே ஒரு பல்லில் மட்டும் துடிக்கும் வலி, முகமோ ஈறோ வீங்குதல், காய்ச்சல், வாயைச் சுற்றி அரிப்பும் தடிப்பும் ஆகிய இவை நாம் விவரித்த கணக்கில் அடங்காதவை; இவற்றுள் எது கண்டாலும் தாமதியாமல் வைத்தியரிடம் காட்ட வேண்டும். குத்தும் கம்பியை மெழுகால் மூடிக்கொண்டு, வைத்தியரிடம் சென்று வெட்டிக்கொள்ள வேண்டுமே தவிர வீட்டில் கத்தரியை எடுக்கலாகாது.

கிளிப் சிகிச்சை ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு முதல் இரண்டு ஆண்டு வரை நீடிக்கக்கூடியது. சில வாரங்களுக்கு ஒருமுறை கம்பி மாற்றப்படும்போதெல்லாம் இந்த நாடகம் சிறிய அளவில் மீண்டும் நடக்கக்கூடும். அவ்வளவு நாள் பொறுமை காட்ட வேண்டிய ஒரு குழந்தையிடம், ‘வலிக்கவே வலிக்காது’ என்று சொல்லி அனுப்புவது அன்பினால் சொல்லப்பட்டாலும் தீங்கானது. மறுநாள் வலிக்கும்போது, ஏதோ விபரீதம் நடந்துவிட்டதென்று அது அஞ்சும், பிறகு நாம் சொல்லும் எதையும் நம்பாது. ‘இன்று சாயங்காலம் வலிக்கத் தொடங்கும், நாளை அதிகமாகும், மூன்றாம் நாள் இறங்கும், ஒரு வாரத்தில் போய்விடும், உன் எலும்பு வேலை செய்யத் தொடங்கியிருக்கிறது என்று அதற்கு அர்த்தம்’ என்று உண்மையைச் சொல்லி அனுப்புவோம். அதோடு, கிளிப் போட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் மறுநாள் ஒரு முறை தொலைபேசியில் பேசுவதை நம் பல் மருத்துவமனைகள் தம் சிகிச்சையின் ஓர் அங்கமாகவே ஏற்றுக்கொள்ள வேண்டும். சில நிமிஷங்களுக்கு மேல் பிடிக்காத காரியம் அது. பலன் தருவது என்று சோதித்தறியப்பட்டதும் கூட. மருத்துவமனையார் தாமாக அழைக்காவிட்டால், பெற்றோர்கள் அதைக் கேட்டு வாங்கத் தயங்க வேண்டியதில்லை.